தேயிலை நின்ற சரிவில் சேதன மரக்கறி: எங்கிருந்து தொடங்குவது?

தலவாக்கலைக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்புறம், கைவிடப்பட்ட தேயிலைச் செடிகளைப் பிடுங்கி எடுத்த 10 பேர்ச் (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) அளவான சரிவு நிலம் அவருடைய குடும்பத்தின் பாவனையில் இருக்கிறது. அதில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஆகியவற்றை இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இல்லாமல் செய்ய முடியுமா, முடியுமானால் எந்தக் கரைசலை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். தெளிப்பது பற்றிய கேள்விக்கு இந்தப் பதிலின் பிற்பகுதியில்தான் வருவேன், ஏனென்றால் மலைநாட்டுச் சரிவில் சேதன விவசாயம் தேறுவதும் தேறாமற் போவதும் முதல் விதை விழுவதற்கு முந்திய ஐந்தாறு மாதங்களில் மண்ணுக்கு என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. யூரியா மூட்டை இருந்த இடத்தில் கூட்டெரு மூட்டையையும், பீடைநாசினிப் போத்தல் இருந்த இடத்தில் வேப்பங்கரைசலையும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் பழையபடி நடக்கட்டும் என்று விட்டால் விளைச்சல் விழுந்தே தீரும். இலங்கை முழுவதும் இதை ஒருமுறை பட்டறிந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. மண்ணைத் தயார்ப்படுத்தவோ போதிய சேதனப் பசளையை உருவாக்கவோ விவசாயிக்குக் காலம் கொடுக்கப்படவில்லை. நெல்லும் தேயிலையும் மரக்கறியும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை வைத்துச் சேதன முறையே உதவாது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். அவசரத்தில் செய்ததற்கு முறையின் மீது பழி போடுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் நிலத்தின் முதற் சிக்கல் அதன் கடந்த காலம். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். மண்ணின் புளிப்பை அளக்கும் பீஎச் பெறுமானம் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது செழிக்கும். மண்ணில் உள்ள அலுமினியத்தை இழுத்து இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. முதிர்ந்த இலை உதிர்ந்து மக்கும்போது அந்த அலுமினியம் மேல்மண்ணுக்குத் திரும்புகிறது. பல தசாப்தங்கள் அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் இடப்பட்ட தேயிலை மண் இன்னும் புளித்திருக்கும். கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட் எல்லாம் 6க்கும் 6.8க்கும் இடைப்பட்ட பீஎச்சை நாடுபவை. 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் குட்டையாக்கும். பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து செடிக்கு எட்டாமற் போகும். அவரைக் குடும்பத்துப் பயிர்களின் வேரில் தங்கி நைதரசனை நிலைப்படுத்தும் பற்றீரியாக்கள் வேலை செய்யாது. இப்படிப்பட்ட மண்ணில் எவ்வளவு நல்ல கூட்டெருவைப் போட்டாலும் செடி அதை முழுமையாக எடுத்துக்கொள்ளாது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி தேயிலையே நடுவதென்றாலும், இடையில் 18 முதல் 24 மாதங்கள் வரை மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து, வெட்டி வெட்டி அதே மண்ணில் பரப்பி, மண்ணைத் தேற்றிய பின்னரே கன்று வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் புல்லை நட்டும் வெட்டியும் இருப்பார்கள். தேயிலைக்கே அவ்வளவு ஓய்வு தேவைப்படும் மண்ணில், அதைவிடப் பலமடங்கு போசணை கேட்கும் கோவாவை ஒரு மாத ஆயத்தத்தில் நட்டு நல்ல விளைச்சல் எதிர்பார்ப்பது நியாயமாகாது. இரண்டு ஆண்டு காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. 10 பேர்ச்சையும் ஒரே நேரத்தில் திறக்காமல், முதல் ஆண்டில் 3 பேர்ச்சில் மட்டும் மரக்கறி செய்து, மீதி நிலத்தில் மானாப் புல்லையும், பச்சையாக வெட்டி மண்ணுக்கே எருவாகச் சேர்க்கும் பசுந்தாட் பயிரையும் வளர்த்து வாருங்கள். அந்த மீதி நிலம்தான் 3 பேர்ச்சுக்குத் தீனி போடும்.

அடுத்தது சரிவு. மலைநாட்டில் விவசாயம் செய்பவர் இழக்கும் செல்வங்களில் மிகப் பெரியது மேல்மண். வெலிமடைப் பக்கத்து மரக்கறி நிலங்களின் மண் உமா ஓயா வழியாக ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிந்திருப்பதைப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அப்படிப் போகும் மண்ணோடு நாம் இட்ட எருவும் போகிறது. இரசாயனப் பசளை இடுபவர் மழைக்குப் பின் இன்னொரு மூட்டையைப் பிரித்துக்கொள்வார். ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த கூட்டெருவை இழந்தவருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டில் அமைய வேண்டும். தண்ணீர் தேங்காமல் வடியட்டும் என்று மேலிருந்து கீழாகப் பாத்தி போடும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நோய்க்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அது ஒவ்வொரு மழைக்கும் நிலத்தை ஒரு படி மெலிய வைக்கிறது. மூன்று தடிகளைக் கட்டிய ஏ வடிவச் சட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை நூலில் தொங்கவிட்டால், நூல் குறுக்குத் தடியின் நடுப்புள்ளியில் விழும் இடமெல்லாம் சமவுயரம். அதை நிலத்தில் நகர்த்தி நகர்த்தி முளையடித்துக்கொண்டு போனால் போதும். வேறு கருவி வேண்டாம்.

பாத்தியின் அகலம் இரு பக்கமும் நின்று கையெட்டும் அளவாக 1 மீற்றருக்கு மேற்படாமல் இருக்கட்டும். சில பாத்திகளுக்கு ஒருமுறை குறுக்குக் கான் ஒன்றை வெட்டி, தேயிலை மலையில் செய்வதைப் போல அதற்குள் இடையிடையே தாழ்ந்த மண் தடுப்புகளை விட்டு வைத்தால், ஓடும் நீர் தயங்கி நின்று மண்ணை அங்கேயே இறக்கிவிடும்; மழை விட்டதும் அந்த மண்ணை அள்ளி மேல் பாத்திக்கே திருப்பிப் போடலாம். கானின் கீழ்க்கரையில் வெட்டிவேரையோ மானாவையோ நெருக்கமாக நட வேண்டும். நிலத்தில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி வெளியே எறியாமல் கீழ்வரம்பில் கற்கட்டாக அடுக்குங்கள். களையைச் சுரண்டியால் வழித்தெடுத்து மண்ணை மொட்டையாக்க வேண்டாம். கையால் பிடுங்கி, விதை கட்டாததாக இருந்தால் அங்கேயே பாத்தியின் மேல் பரப்பி விடலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: லயத்துக்கு மேலே உள்ள சரிவில் ஆழமாகப் படி வெட்டுவதும், நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் குழி தோண்டுவதும் கூடாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு நமக்கெல்லாம் தெரியும். நிலத்தில் வெடிப்போ புதிய நீரூற்றோ தென்பட்டால் பயிரைப் பற்றி யோசிப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

புளிப்பைக் குறைக்க டொலமைட் போதும். அது இலங்கையிலேயே தோண்டி எடுக்கப்படும் கல்லின் தூள். கல்சியமும் மகனீசியமும் தரும். சேதன முறையில் அனுமதிக்கப்பட்டது. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். நிலத்தின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்ப வழி சொல்வார். பெறுமானம் 5க்குக் கீழே இருந்தால் சதுர மீற்றருக்கு 200 கிராம் டொலமைட்டை மண்ணோடு நன்றாகக் கலந்து, குறைந்தது ஒரு மாதமாவது ஈரத்தில் விட வேண்டும். 1 பேர்ச் என்பது ஏறக்குறைய 25 சதுர மீற்றர். ஆகவே 3 பேர்ச்சுக்கு 15 கிலோ. ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து, தேவையானால் இன்னொரு தரம் இடலாம். ஒரேயடியாக அள்ளிக் கொட்டினால் நுண்போசணைகள் செடிக்குக் கிடைக்காமல் போய், இளம் இலைகள் வெளுக்கும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், பொற்றாசியமும் தரும். விறகுச் சாம்பல் மட்டும், பிளாஸ்ரிக்கோ வர்ணம் பூசிய பலகையோ எரித்த சாம்பல் கூடாது. டொலமைட்டையும் சாம்பலையும் பச்சைச் சாணத்தோடோ கோமூத்திரத்தோடோ கலக்காதீர்கள். கலந்த மாத்திரத்தில் மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் நைதரசன் அமோனியாவாகப் பறந்து போவதன் அடையாளம்.

கூட்டெருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேசப்படுவதும் அதிகம் பிழைப்பதும் அதுதான். மலைநாட்டின் குளிரிலும் மழையிலும், தாழ்நாட்டுக்கு எழுதப்பட்ட "45 நாளில் கூட்டெரு" போன்ற வாக்குறுதிகள் பலிப்பதில்லை. நான்கைந்து மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவியல் சிறிதாக இருந்தால் சூடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1.25 மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காபனும் நைதரசனும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். நடைமுறையில் அதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், உலர்ந்த மானாப் புல், சருகு போன்றவை இரண்டு பங்கு, பச்சைத் தழை ஒரு பங்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே சாணக் கரைசல் என்று அடுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். எல்லாவற்றையும் இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். முழுப் புல்லாகப் போட்ட குவியல் அடுத்த ஆண்டும் புல்லாகவே இருக்கும். பச்சைத் தழைக்கு உங்கள் உயரத்தில் கிளிரிசீடியா அவ்வளவு செழிக்காது. நிழலுக்கு நட்ட முள்முருங்கையும், தெருவோரங்களில் மஞ்சட் பூவோடு தானாகவே மண்டி நிற்கும் காட்டுச் சூரியகாந்தியும் சிறந்தவை. காட்டுச் சூரியகாந்தியின் இலையில் நைதரசனும் பொற்றாசியமும் மிகுதி, சீக்கிரம் மக்கவும் செய்யும். யாரும் உரிமை கோராத அந்தச் செடியை வெட்டி எடுத்துவர இரண்டு கையும் ஒரு சாக்கும் போதும். பூத்து விதை முற்றுவதற்கு முன் வெட்டுங்கள். களைகொல்லி அண்மையில் அடிக்கப்பட்ட தேயிலை மலையின் ஓரப் புல்லை மட்டும் தொடாதீர்கள்.

ஈரத்தை அறிய, உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம், கை உலர்ந்தே இருந்தால் குறைவு. சூட்டை அறிய ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் அதை உருவிப் பிடித்தால் உள்ளங்கை நெடுநேரம் தாங்காத சூடு இருக்க வேண்டும். 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறினால்தான் களை விதையும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் சாகும். கம்பி குளிர்ந்தே இருந்தால் பச்சைத் தழையோ சாணமோ ஈரமோ போதவில்லை என்று பொருள். சூடு தணியத் தொடங்கியதும், ஏறக்குறைய மூன்று வாரத்தில், வெளிப்பக்கத்தை உள்ளேயும் உள்ளிருந்ததை வெளியேயும் கொண்டுவந்து புரட்டுங்கள்; அதன்பின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மேலே பழைய தகரமோ பொலித்தீனோ இல்லாமல் தென்மேல் பருவமழையில் விட்ட குவியல், கறுப்பாக, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பொற்றாசியமும் நைத்திரேற்றும் கழுவிப் போயிருக்கும். ஆகவே சனவரியிலிருந்து மார்ச் வரையான உலர்ந்த நாட்களில் குவியலைத் தொடங்குவது நல்லது.

எவ்வளவு வேண்டும்? பாதை, கான் போக 3 பேர்ச்சில் 45 சதுர மீற்றர் பாத்தி தேறும். சதுர மீற்றருக்கு 3 கிலோ என்றால் ஒரு போகத்துக்கு 135 கிலோ. நன்றாகச் செய்த ஒரு குவியல் இதைத் தாராளமாகத் தரும். இங்கே பலரும் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. கூட்டெருவில் உள்ள நைதரசன் பெரும்பாலும் சேதன வடிவில் கட்டுண்டிருக்கும். முதற் போகத்தில் அதில் சிறு பகுதியே செடிக்குக் கிடைக்கும், மீதி அடுத்தடுத்த போகங்களில் மெல்ல மெல்ல வெளிவரும். குளிர் மண்ணில் இது இன்னும் மெதுவாக நடக்கும். முதல் ஆண்டில் கோவா வெளிறி, சிறுத்து நிற்பதற்கும், மூன்றாம் ஆண்டில் அதே அளவு கூட்டெருவுக்கு அதே பாத்தியில் தலை இறுகுவதற்கும் காரணம் இதுதான். எனவே முதல் ஆண்டில் வேகமாக நைதரசன் தரும் ஒன்று கூடவே தேவை. மக்கிய கோழி எரு அதற்குப் பொருந்தும், ஆனால் அளவோடு. நுவரெலியா மாவட்டத்தின் தீவிர மரக்கறி நிலங்களில் இரசாயனப் பசளையாலும் கோழி எருவாலும் பொசுபரசு தேவைக்கு மிஞ்சித் தேங்கிக் கிடப்பதை மண் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. சேதனம் என்ற பெயரால் நாமும் அதைச் செய்ய வேண்டாம். பச்சைக் கோழி எரு இளம் வேரைக் கருக்கும். பச்சையாக உண்ணும் சலாது, கரட் போன்றவற்றுக்கு நோய்க்கிருமியையும் கொண்டுவரும். வெட்டிய காட்டுச் சூரியகாந்தி இலையை நடுவதற்கு இரண்டு வாரம் முன் பாத்தியில் புதைப்பது அதைவிட நல்ல வழி. மாடு வைத்திருந்தால், கோமூத்திரத்தைப் பத்து மடங்கு நீரில் கலந்து, வளரும் பருவத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றலாம்.

தமிழ்நாட்டிலிருந்து நமக்கு அறிமுகமான, சாணம், கோமூத்திரம் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்ற கரைசல்கள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். செய்ய விருப்பமிருந்தால் செய்யுங்கள். அவற்றில் உள்ள போசணையின் அளவு மிகக் குறைவு என்பதால், எரு இல்லாத மண்ணில் அவற்றை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது பசித்தவருக்குத் தேநீர் மட்டும் கொடுப்பது போன்றது.

பசுந்தாட் பயிராகச் சணப்பையை விதைக்கலாம்; பூக்கும் தறுவாயில் வெட்டி மண்ணில் சேர்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு செடியைக் கவனமாகத் தோண்டி எடுத்து, வேரில் உள்ள சிறு கணுக்களை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியாக்கள் வேலை செய்கின்றன. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது கணுவே இல்லாவிட்டால், மண்ணின் புளிப்பு இன்னும் இறங்காமல் இருக்கலாம். போஞ்சியும் நைதரசன் தரும் என்று நம்பி அதற்கு எருவே இடாமல் விடுபவர்கள் உண்டு. போஞ்சி இந்த விடயத்தில் பலவீனமான பயிர், தன் தேவைக்கே முழுவதும் சேர்த்துக்கொள்ளாது.

பயிர்ச் சுழற்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். காலையில் நிமிர்ந்து நின்ற கோவாக் கன்று வெயில் ஏறியதும் வாடிச் சாயும், மாலையில் மறுபடி நிமிரும், மறுநாளும் அப்படியே. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்போம். பிடுங்கிப் பார்த்தால் மெல்லிய வேர்களே இராது. விரல் தடிப்பில், முண்டும் முடிச்சுமாக வீங்கிய வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், முதிர்ந்ததாக இருந்தால் அழுகி நாறும். இது வேர் வீக்க நோய். இதன் வித்திகள் மண்ணில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். எந்தக் கரைசலும் அவற்றை அழிக்காது. புளிப்பும் ஈரமும் உள்ள மண் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். நுவரெலியாப் பக்கம் பல நல்ல நிலங்கள் இதனால் கோவாவுக்கு உதவாமற் போயிருக்கின்றன. வந்த பின் மாற்று இல்லை. வராமற் காப்பதே வழி. கோவாவுக்குப் பின் நோக்கோல், அதற்குப் பின் முள்ளங்கி என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள் சுழற்சி செய்வதாக நினைக்கிறார்கள். கோவா, நோக்கோல், பூக்கோவா, முள்ளங்கி, கடுகு எல்லாமே ஒரே குடும்பம், நோய்க்கு அவை எல்லாம் ஒரே வீடு. உங்கள் பாத்திகளை நான்காகப் பிரித்து, போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட் என்ற வரிசையில் ஒவ்வொரு போகமும் ஒரு படி நகர்த்துங்கள். பசுந்தாளுக்கு விட்ட நிலம் சேரச் சேரக் கோவா அதே இடத்துக்கு வரும் இடைவெளி நீளும். கோவாவுக்கு இட்ட எருவின் மிச்சத்தில் பின்வரும் பயிர்கள் விளையும். கரட்டுக்குப் புது எரு இட்டால் கிழங்கு கவைத்துப் பிளவுபடும் என்பதால் அது வரிசையின் கடைசியில் இருப்பதே பொருத்தம். நாற்றை வெளியிலிருந்து வாங்காமல் சொந்த நாற்றுமேடையில் வளர்ப்பது, வேறு தோட்டத்து மண் ஒட்டிய மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவாமல் உள்ளே விடாதிருப்பது, ஊர் ஓடையில் கரட் கழுவிய நீரைப் பாத்திக்கு எடுக்காதிருப்பது ஆகியவை எந்த மருந்தையும்விடப் பெரிய காப்பு.

உருளைக்கிழங்கு உங்கள் பட்டியலில் இல்லை. முதல் சில ஆண்டுகள் அதைச் சேர்க்கவும் வேண்டாம். நம் நாட்டில் அதிகம் செய்யப்படும் கிரனோலா இனம் வெளிறல் நோய்க்கு எளிதில் இரையாகும். குளிர்ந்த, பனிமூட்டமான வாரத்தில் இலையில் நீர்தோய்ந்தாற் போன்ற கறைகள் தோன்றி, காலையில் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கறையின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் தெரியும், சில நாட்களில் முழுப் பாத்தியும் கருகிவிடும். தக்காளிக்கும் இதே நோய்தான். தக்காளி வேண்டுமென்றால் நான்கு கம்பங்களின் மேல் பொலித்தீன் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டு, இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் ஊற்றிச் செய்யலாம். இந்த நோயைத் தடுக்கத் தெளிக்கும் செம்புக் கலவைகளைச் சேதன விதிகள் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. ஆனால் செம்பு மண்ணில் தேங்கி மண்புழுவைப் பாதிக்கும் என்பதால் அதை வழக்கமாக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நீங்கள் கேட்ட தெளிப்புக்கு வருவோம். கோவாவைத் தாக்கும் முதன்மையான எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையின் அடியில் இளம்பச்சையாக, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் இருக்கும். தொட்டால் துடிதுடித்துப் பின்னோக்கி நெளிந்து, நூலில் தொங்கி இறங்கும். இரசாயன மருந்துகளுக்கு உலகெங்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்ட பூச்சி இது என்பதால், மருந்தடிப்பவர்களும் இதனிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடும் மழை இளம் புழுக்களைக் கழுவிவிடும். ஆகவே உலர்ந்த மாதங்களில்தான் இதன் தொல்லை கூடும். 45 சதுர மீற்றரில் கால்வாசி கோவா என்றால், வாரத்துக்கு இருமுறை இலையைப் புரட்டிக் கையால் நசுக்குவதே பெரும்பாலும் போதும். மிஞ்சினால் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பற்றீரியாத் தயாரிப்பை, புழு சிறிதாக இருக்கும்போது, மாலை நேரத்தில் தெளிக்கலாம். அது புழுவை மட்டுமே கொல்லும், அதன் எதிரிப் பூச்சிகளை விட்டுவிடும்.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு, உலர்ந்த பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து அன்று மாலையே தெளிக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் குறைக்கும், வைத்திருந்தாலும் கெடும். நம் உயரத்தில் வேம்பு வளராது என்பதால் வவுனியா, யாழ்ப்பாணப் பக்கத்து உறவினர் மூலம் கொட்டை தருவித்துக்கொள்ளலாம். நாட்கணக்கு வைத்துத் தெளிக்காதீர்கள். பூச்சியைக் கண்டு, எண்ணிக்கை கூடுவதைக் கண்டு, அதன் பிறகே தெளியுங்கள். இலைக்குள் வெள்ளைக் கோடுகளாகக் குடையும் பூச்சி போஞ்சியின் அடியிலைகளில் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். அதன் இயற்கை எதிரிகளான சிறு குளவிகள் தெளிப்பு இல்லாத நிலத்தில் தாமாகவே பெருகும். புகையிலைக் கஷாயத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். இயற்கையிலிருந்து வந்தது என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. நிக்கொட்டின் மனிதருக்குக் கடும் நஞ்சு, தோல் வழியாகவும் ஏறும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த வாளி இருக்கவே கூடாது.

பருவத்தைப் பொறுத்தவரை, தலவாக்கலை மேற்குச் சரிவில் இருப்பதால் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை உங்களை நேரடியாகத் தாக்கும். பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு அதே மாதங்கள் உலர்ந்தவை, அவர்களின் நாட்காட்டியைப் பின்பற்ற வேண்டாம். சனவரியில் கூட்டெருக் குவியல், ஏப்ரல் மழைக்கு டொலமைட்டும் பசுந்தாள் விதைப்பும், பசுந்தாள் மூடியிருக்கும் நிலத்தின் மேல் கடும் மழை கடந்து போவது, ஓகஸ்ட் இறுதியில் வெட்டிப் புதைத்து, செப்டெம்பர் நடுவில் முதற் போகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் போகத்தில் போஞ்சியையும் லீக்ஸையும் கூடுதலாகவும் கோவாவைக் குறைவாகவும் நடுங்கள். போஞ்சி நாற்று முளைத்த முதல் மூன்று வாரத்தில் தண்டின் அடியைக் குடையும் போஞ்சி ஈயிடம் அகப்படும். தண்டடியில் மண் அணைத்து, வெட்டிய புல்லால் மூடிவிட்டால் பல செடிகள் மேல்வேர் விட்டுத் தப்பும்.

விதையில் ஒரு சங்கடம் உண்டு. கோவா, கரட், பீட்ரூட் விதைகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. இளஞ்சிவப்போ நீலமோ பூசி வருபவை பங்கசுநாசினி தடவியவை. பூசாதவற்றைக் கேட்டு வாங்குங்கள். போஞ்சி தன் மகரந்தத்திலேயே கருக்கட்டுவதால் அதன் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம்: நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடிகளை முன்கூட்டியே நூல் கட்டி அடையாளமிட்டு, நெற்று செடியிலேயே உலர்ந்தபின் பறித்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் அடுத்த போகத்துக்குப் போதும்.

கடைசியாக விற்பனை. வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதைச் சேதனம் என்று சொல்லி விற்கும் எண்ணமிருந்தால், இலங்கையில் அதற்கென எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரநிலை இருக்கிறது. சான்றிதழ் பெறாமல் அந்த முத்திரையைப் பயன்படுத்த முடியாது, சான்றிதழுக்கு முன், நிலம் சேதன முறைக்கு மாறுவதற்கான மாற்றக் காலமும் உண்டு. வழமையான மொத்தச் சந்தையில் தனி விலை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பாடசாலையின் சக ஆசிரியர்களும் நகரத்து வீடுகள் சிலவும் நேரடியாக வாங்கினால் அதுவே சிறந்த சந்தை. அடுத்த நிலத்தில் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி அயலவரோடு பேசி வையுங்கள். எல்லையில் முள்முருங்கையும் காட்டுச் சூரியகாந்தியும் இரண்டு வரிசை நின்றால் காற்றில் வரும் துளிகள் பெரும்பகுதி அங்கேயே தடுக்கப்படும், வெட்டித் தழையாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து பட்டது தெரிந்தால் அந்தத் தடவை வெட்டியதை மரக்கறிப் பாத்தியில் போட வேண்டாம். நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லாத நிலையில் தோட்ட நிர்வாகத்திடமிருந்து பாவனைக்கான அனுமதியை எழுத்தில் கேட்டுப் பெற முயல்வதும் அவசியம், ஏனென்றால் நீங்கள் இடும் எருவின் பலன் மூன்றாம் ஆண்டில்தான் முழுமையாகக் கைக்கு வரும்.